குன்னூர் ஏத்தத்துக்கு 250 வாட் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தாங்குமா?

தேயிலைக்காடு:

வணக்கங்க. குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கல்ல வேலை பார்க்கறேன். வீடு எடப்பள்ளி தாண்டி தோட்டத்து ரோட்டுல. காலையில இறக்கம், ராத்திரி ஏத்தம், ஒரு பக்கம் எட்டு கிலோமீட்டர். கடைக்கும் வீட்டுக்கும் உயரம் 150 மீட்டர் வித்தியாசம்னு போன் காட்டுது. கடை மூடற நேரத்துக்கு பஸ் வந்தா வந்ததுதான், அதனால சொந்தமா ஒரு வண்டி வாங்கிடலாம்னு இருக்கேன். கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் எடுத்தாச்சு.

கையில 65,000 ரூபாய். ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கேன். மேட்டுப்பாளையத்துல ஒரு கடையில புது வண்டி, 52,000. 250 வாட் மோட்டார், 48 வோல்ட் 24 ஏ.எச். லெட் ஆசிட் பேட்டரி. ரிஜிஸ்ட்ரேஷனே வேண்டாம், ஒரு சார்ஜுக்கு 70 கிலோமீட்டர் போகும்ங்கறாங்க. இன்னொண்ணு ஊட்டியில ஒருத்தர் ஓட்டின வண்டி, ரிஜிஸ்டர் ஆனது, பச்சை நம்பர் பிளேட், 2.2 கிலோவாட் ஹவர் லித்தியம் பேட்டரி, 63,000 கேக்கறார். அம்மாவையும் அப்பப்ப பின்னாடி உட்கார வச்சு ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போகணும். எதை எடுக்கலாம்? இந்தக் குளிருக்கு பேட்டரி சீக்கிரம் போயிடுமா?

கல்லட்டி36:

மலைக்கு பெட்ரோல்தான் சரி. அதே காசுக்கு நல்ல பழைய ஸ்கூட்டரா ஒண்ணு எடுத்துட்டு நிம்மதியா இருங்க. சார்ஜர் போச்சு, கன்ட்ரோலர் போச்சுன்னு கோயமுத்தூருக்கு யார் அலையறது.

மல்டிமீட்டர்:

கோத்தகிரியிலிருந்து எழுதறேன். ரிட்டயர் ஆகற வரைக்கும் இன்வெர்ட்டர், யூ.பி.எஸ். பேட்டரி சர்வீஸ்தான் நமக்குத் தொழில். இப்ப வீட்டுல மகனோட எலக்ட்ரிக் வண்டியும் நம்ம கையிலதான் இருக்கு.

அம்மணி, அந்த மேட்டுப்பாளையத்து வண்டியை மேட்டுப்பாளையத்துக்காரங்களே ஓட்டட்டும். அது சமதரைக்குச் செஞ்சது. மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள, பேட்டரி இல்லாம எடை 60 கிலோவுக்குள்ள இருந்தாத்தான் ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்னு சட்டம் விடுது. இப்ப ஏத்தத்தைப் பாருங்க. வண்டி, நீங்க, பை எல்லாம் சேர்ந்து 150 கிலோன்னு வைங்க. நூறு மீட்டர் போறதுக்குள்ள எட்டு மீட்டர் ஏறற ரோடு நம்ம ஊர்ல சாதாரணம். அதுல 25 வேகத்துல ஏற கிட்டத்தட்ட 1,000 வாட் வேணும். 250 வாட் மட்டும் கிடைச்சா மணிக்கு ஆறு ஏழு கிலோமீட்டர். நடந்து போறவங்க உங்ககிட்ட பேசிட்டே கூட வரலாம். மோட்டாருக்கு கரண்டை அளந்து விடற கன்ட்ரோலர் கொஞ்ச நேரத்துக்கு 500, 600 வாட் விடும், இல்லேங்கல. ஆனா எடப்பள்ளி ஏத்தம் கொஞ்ச நேரத்துல முடியறதா? வீல் மோட்டார் சூடேறி நிக்கும். அம்மா பின்னாடி உட்கார்ந்தா பேச்சே வேண்டாம்.

“பேப்பர்லதான் 250, உள்ள பெரிய மோட்டார் இருக்கு”ன்னு கடைக்காரர் காதுல ஓதினா இன்னும் உஷாரா இருங்க. அப்படின்னா அது ரிஜிஸ்டர் பண்ண வேண்டிய வண்டி. நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட்னா இன்சூரன்ஸும் இல்ல, ஆர்.சி.யும் இல்ல.

பேட்டரிக்கு வருவோம். 48-ஐ 24-ஆல பெருக்கினா சுமார் 1,150 வாட் ஹவர், அதுதான் பேட்டரியில மொத்தம் அடங்கற சக்தி. ஆனா லெட் ஆசிட்டுல பாதி பொய். மெதுவா இழுத்தாத்தான் அந்த 24 கிடைக்கும். ஏத்தத்துல ஒரு மணி நேரத்துல காலி பண்ற மாதிரி இழுத்தா பாதிக்குக் கொஞ்சம் மேலதான் தரும். அந்த 70 கிலோமீட்டர் சமதரையில, ஒல்லியான ஆள் ஒருத்தர் ஓட்டின கணக்கு.

மலையில வண்டி வாங்கறவங்க கிலோமீட்டரைப் பார்க்கக் கூடாது, உயரத்தைப் பார்க்கணும். 160 கிலோ பாரத்தை 100 மீட்டர் ஏத்த 44 வாட் ஹவர் ஆகும். மோட்டார்ல, வயர்ல வீணாகறதும் சேர்ந்து 55-ன்னு வைங்க. ரோட்டுல உருள கிலோமீட்டருக்கு 18 வாட் ஹவர் தனி. மலை ரயில் ஸ்டேஷன் போர்டுல உயரம் எழுதியிருக்கும் பாருங்க. மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்குக் கிட்ட, குன்னூர் 1,700-க்கு மேல, ஊட்டி 2,200. கீழ இருந்து குன்னூர் வர உயரத்துக்கு மட்டும் 770 வாட் ஹவர், ரோட்டுக்கு இன்னொரு 600 கிட்ட. அந்த லெட் ஆசிட் வண்டி பாதி வழியில இருக்கற பர்லியார் தாண்டினாலே பெரிய விஷயம். கடைக்காரர் அதை உங்க வீட்டுக்கு லாரியிலதான் அனுப்புவார்.

ஊட்டி வண்டியையே எடுங்க. ஆனா சோதிக்காம காசு கொடுக்காதீங்க. சார்ஜ் எவ்வளவுன்னு குறிச்சுக்கிட்டு, அம்மாவையும் உட்கார வச்சு, குன்னூர் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து உங்க வீடு வரைக்கும் ஒரே மூச்சா ஏறுங்க. 2.2 கிலோவாட் ஹவர்ல ஒரு சதவீதம்னா 22 வாட் ஹவர். ரெண்டு பேர், 150 மீட்டர் ஏத்தம், எட்டு கிலோமீட்டர், என் கணக்குக்கு 12, 13 சதவீதம் இறங்கணும். குளிர், மழை, டயர்ல காத்து கம்மின்னு 15, 16 வரைக்கும் விட்டுடலாம். இருபதைத் தாண்டினா பேட்டரி தேஞ்சிருக்கு, விலையைக் குறைக்கச் சொல்லுங்க. நல்லா இறங்கிட்டே வந்து திடீர்னு பத்து சதவீதம் குதிச்சா அந்த வண்டியே வேண்டாம், உள்ள ஒரு செல் படுத்திருக்கும்.

பேட்டரி எப்ப செஞ்சதுன்னும் கேளுங்க. ஏ.ஐ.எஸ். 156-ங்கற பாதுகாப்பு விதியைத் திருத்தி 2022 டிசம்பர்ல ஒரு பகுதி, 2023 மார்ச் கடைசியில மீதின்னு இறுக்கினாங்க. அதுக்கு அப்புறம் வந்த பேக் கிடைச்சா நல்லது. வாரண்டி உங்க பேருக்கு மாறுமான்னு கம்பெனி சர்வீஸ்ல எழுத்துல வாங்குங்க, வாய் வார்த்தை வேண்டாம்.

பராமரிப்புல ஜனங்க குழப்பிக்கற இடம் ஒண்ணு இருக்கு. லெட் ஆசிட்டைப் பட்டினி போடக்கூடாது, லித்தியத்துக்கு வயிறு முட்டக்கூடாது. லெட் ஆசிட்டை ஓட்டி முடிச்ச அன்னைக்கே முழுசா ஏத்தணும். காலியா விட்டா தகட்டுல சல்பேட் படிஞ்சு, அப்புறம் என்ன பண்ணாலும் எழுந்திருக்காது. நாலு பேட்டரியில ஒண்ணு செத்தா அதை மட்டும் மாத்தித் தருவாங்க. பழசு மூணும் புதுசை இழுத்துக்கிட்டுப் போகும். நான் சர்வீஸ்ல இருந்தப்ப இந்தச் சண்டை மாசா மாசம் நடக்கும்.

லித்தியம் 20-க்கும் 85-க்கும் நடுவுல இருந்தா அதிக நாள் உழைக்கும். உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. வீடு மேல, வேலை கீழ. பிரேக் போடறப்ப மோட்டாரே கரண்ட் செஞ்சு பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும், அதுக்குப் பேர் ரீஜென். 100 சதவீதத்தோட காலையில இறங்கினா அது வேலை செய்யாது, அந்தக் கரண்டை வாங்கிக்க பேட்டரியில இடம் இருக்காது. இறக்கம் பூரா பிரேக் மேலயே வரணும். அதனால 85-ல நிறுத்துங்க. பேட்டரி எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகையா இருந்தா மட்டும் வாரத்துல ஒரு நாள் 100 ஏத்துங்க, அப்பத்தான் செல்லெல்லாம் சமமாகும், மீட்டரும் சரியாக் காட்டும். ஏறி வந்த சூட்டோட சார்ஜர் குத்தாதீங்க, ஒரு மணி நேரம் ஆறட்டும். மாசக்கணக்குல நிறுத்தறதுன்னா பாதி சார்ஜ்ல நிறுத்துங்க.

காந்தல்பையன்:

மேல ஐயா சொன்னதுல, ஒரு மணி நேரம் ஆற விடறது மட்டும் எங்க பக்கம் மாறும். நான் ஊட்டியில பார்சல் டெலிவரி, எலக்ட்ரிக் வண்டிதான். ஜனவரியில உறைபனி விழுந்தா காலையில சீட்டுல வெள்ளையாப் படிஞ்சிருக்கும். அந்த நேரத்துல சார்ஜ் போட்டா ஏறவே ஏறாது, சில வண்டியில சார்ஜிங்கே நின்னுடும். அதனால ராத்திரி வந்து அரை மணி நேரத்துல, பேட்டரி கதகதப்பா இருக்கப்பவே போட்டுடுவேன். வண்டியை வராண்டாவுக்குள்ள ஏத்திடுவேன்.

அப்புறம் அக்கா, ராத்திரியில வளைவுல ஹாரன் அடிச்சுட்டே போங்க. இந்த வண்டி சத்தமே போடாதுல்ல, காட்டுமாடு பக்கத்துல போற வரைக்கும் அதுக்கும் தெரியாது, மிஸ்டுல நமக்கும் தெரியாது. எனக்கு பேட்டரியை விட இதுதான் பயம்.

மல்டிமீட்டர்:

தம்பி சொல்றது சரி. ஜீரோ டிகிரிக்குக் கீழ லித்தியத்தை சார்ஜ் பண்ணவே கூடாது, உள்ள லித்தியம் உலோகமாப் படிஞ்சு பேட்டரி கெட்டுடும். குன்னூர், எடப்பள்ளிக்கு அந்தக் குளிர் பெரும்பாலும் வராது, ஒரு சார்ஜுக்கு ஓடற தூரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். காட்டுமாடு கணக்கு என்கிட்ட இல்ல.

தேயிலைக்காடு:

ரொம்ப நன்றிங்க ஐயா. தம்பிக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை அம்மாவோட போய் அந்த வண்டியை ஏத்திப் பார்க்கறேன். ஒரு சந்தேகம். எங்களோடது பழைய லைன் வீடு. ஒரே ஒரு ரூம்லதான் பவர் பிளக், அதுல எர்த் இருக்கான்னே தெரியல. ஐப்பசி கார்த்திகை மழையில மரம் விழுந்தா ரெண்டு நாள் கரண்டும் இருக்காது. ஜன்னல் வழியா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து சார்ஜ் போடலாமா?

மல்டிமீட்டர்:

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். மெல்லிசு வயர்ல மணிக்கணக்கா கரண்ட் ஓடினா பிளக் உருகும், தீ பேட்டரியில இருந்துதான் வரணும்னு இல்ல. வண்டி நிக்கற இடத்துலயே ஒரு 16 ஆம்ப் பாயிண்ட், எர்த்தோட, லோடு மீறினா தானா ட்ரிப் ஆகற தனி எம்.சி.பி. வச்சு லைசென்ஸ் உள்ள வயர்மேனை வச்சுப் போடுங்க. கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஆர்.சி.சி.பி.யும் சேர்த்துப் போட்டா ஈரத்துல ஷாக் பயம் ரொம்பக் குறையும். ஊட்டிக்காரர்கிட்ட மூவாயிரம் பேசிக் குறைச்சீங்கன்னா இந்தச் செலவு அதுலயே அடங்கும். படுக்கற ரூம்லயும் வெளிய போற வாசப்படியை அடைச்சும் சார்ஜ் போடாதீங்க. மழை மாசத்துல மட்டும் 85-ன்னு பார்க்காம 100 வச்சுக்குங்க. உங்க ஓட்டத்துக்கு கரண்ட் இல்லாம ரெண்டு மூணு நாள் தாராளமா ஓடும். வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் பைப் வச்சு அடிக்க விடாதீங்க, துணியில துடைச்சாப் போதும்.

ஓட்டிப் பார்த்துட்டு எத்தனை சதவீதம் இறங்குச்சுன்னு இங்க போடுங்க அம்மணி.