169.254 என்று ஐபி வருகிறது, ஏன்?

கேள்வி: வைஃபை இணைந்ததாகக் காட்டுகிறது, ஆனால் இணையம் இல்லை. ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறது. நான் எதையும் மாற்றவில்லையே, இந்த எண் எங்கிருந்து வந்தது?

பதில் 1: கணினி தனக்குத்தானே வைத்துக்கொண்ட எண் அது. வழக்கமாக, இணைந்ததும் "யாராவது முகவரி தருவீர்களா" என்று வலையமைப்பு முழுக்கக் கூவும், ரவுட்டரில் இருக்கும், முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் ஒரு எண்ணை நீட்டும், "சரி, அதையே கொடு" என்று இது கேட்க அது உறுதி செய்யும், கூடவே கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசல்), டிஎன்எஸ் (தளப் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) விவரமும் வந்துவிடும். பதிலே வராவிட்டால்தான் 169.254.

பதில் 2: ரவுட்டரில் எத்தனை முகவரி ஒதுக்கியிருக்கிறது என்று பாருங்கள். முகவரி எல்லாம் வாடகைக்குத்தான், கெடு முடியும்வரை வேறு கருவிக்குப் போகாது; இருப்பதெல்லாம் தீர்ந்துவிட்டால் புதிதாக இணையும் கருவிக்கு எண் கிடைக்காது.

கேட்டவர்: அதேதான்! வெறும் 10 எண். 100 ஆக்கினேன், உடனே கிடைத்துவிட்டது.