வால்டோர்ஃபின் உண்டியல்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வார்சா மாணவி:
நவம்பர் 1, போலந்தில் இறந்தவர்களை நினைத்துக் கல்லறைகளில் விளக்கேற்றும் நாள். வார்சாவின் பொவோன்ஸ்கி கல்லறைத் தோட்டம், வாசலில் நகர முடியாத கூட்டம். ஒரு வயதான அம்மா தகர உண்டியலை என் முன்னால் குலுக்கினார். என்னிடம் கார்டு மட்டும்தான் இருந்தது, தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். குளிரில் அவர் விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது, அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் மேடை நடிகை என்று அறைத்தோழி அப்புறம் சொன்னாள். சிதைந்த சமாதிகளைச் சீர்செய்ய 1975இல் இந்த வசூலைத் தொடங்கியவர் யெஜி வால்டோர்ஃப், ஒரு இசை விமர்சகர்!

மலைப்பாதை:
போலந்தின் மலை ஊரான சகோபானேயில் இசையமைப்பாளர் ஷிமானோவ்ஸ்கி குடியிருந்த மரவீட்டுக்குப் போனேன். வீட்டின் பெயரே 'ஆத்மா', நம்ம ஆத்மாதான். அங்கிருந்த பெண்மணி அவரைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டு, வால்டோர்ஃப் ஊரெல்லாம் பணம் திரட்டி இதை மீட்ட கதைக்குப் போய்விட்டார். பேசப் பேச மரச்சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார். 1976இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்களாம்.

பழைய புத்தகம்:
கல்லறை, வீடு என்றே பேசுகிறீர்களே, அவருடைய எழுத்து எங்கே போயிற்று? வார்சாவில் ஒளிந்து உயிர் தப்பிய யூதப் பியானோ கலைஞர் ஷ்பில்மனின் இரண்டாம் உலகப் போர்க்கால நினைவுகள் 1946இல் முதலில் வந்தபோது அதைத் தொகுத்துக் கொடுத்தவர் அவர்தான். கிராக்கூஃப் நகரில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தப் பதிப்பைக் கையில் எடுத்தேன். பழுப்பேறிய தாள், தொட்டாலே ஓரம் உதிர்கிறது, தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர். ஷ்பில்மனைக் காப்பாற்றிய ஜெர்மன் அதிகாரியை அதில் ஆஸ்திரியர் என்று மாற்றியிருந்தார்கள், அன்றைய சூழலில் நல்ல ஜெர்மானியர் என்று அச்சில் போட முடியாது. இதற்காக வால்டோர்ஃபைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புத்தகம் வெளியே வந்ததே பெரிய காரியம்.

மெழுகுவிளக்கு:
@வார்சா மாணவி, வருத்தப்படாதீங்க. அடுத்த முறை முந்தின நாளே சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், கையுறை கட்டாயம். அன்றைக்குக் கல்லறைகளுக்கென்றே தனி பஸ் விடுவார்கள், காரில் போகவே வேண்டாம். காலையிலேயே போனால் சமாதிகளில் உள்ள பெயர்களை நின்று படிக்கலாம், ஆனால் இருட்டிய பிறகு ஒருமுறையாவது உள்ளே நடந்து பாருங்கள். கண்ணாடி விளக்கு வாங்கினால் மூடி உள்ளதாகப் பாருங்கள், காற்றில் அணையாது. வால்டோர்ஃப் 1999 டிசம்பரில் இறந்து பொவோன்ஸ்கியிலேயேதான் அடக்கமாகியிருக்கிறார். நான் தேடிப் போய் ஒரு விளக்கு வைத்தேன், எனக்கு முன்பே நிறையப் பேர் வைத்திருந்தார்கள், இடம் ஒதுக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது.