மர்மம், அமானுஷ்யம், அறிவியல் புனைவு: படித்து எடைபோடும்போது இடறும் இடங்கள்

(நாவல்களுக்கு விமர்சனம் எழுதுவது பற்றி வேலூர் வட்டார வாசகர்கள் ஐந்து பேர் பேசிக்கொண்டது. பேசுபவர்கள் அவரவர் ஊர்ப் பெயரில்.)

காட்பாடி:
மர்ம நாவலை எடைபோட ஒரு வாசிப்பு போதாது. முதல் தடவை கதை இழுத்துக்கொண்டு போகட்டும், ஆனால் பென்சில் கையில் இருக்கட்டும். தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பக்கம், நேரம், யார் எங்கே, யார் சொல்லித் தெரிந்தது. நான்காவதுதான் உயிர். பாத்திரம் பொய் சொல்லலாம், கதை சொல்பவர் தன் குரலில் சொல்லக் கூடாது. "அவன் அன்றிரவு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை" என்று ஆசிரியரே எழுதிவிட்டு, 180ஆம் பக்கத்தில் அவனையே கொலைகாரன் ஆக்கினால் அது திருப்பம் இல்லை, மோசடி.

முக்கால்வாசியில் புத்தகத்தை மூடி, கொலையாளி யார், ஏன் என்று எழுதி வையுங்கள். முடிவு தெரிந்தபின் திரும்பி வந்து தடயங்களை எண்ணுங்கள். 200 பக்க நாவலென்றால் குற்றவாளி முதல் 50 பக்கத்துக்குள் ஆளாகவோ பெயராகவோ தலைகாட்டியிருக்க வேண்டும். அவனைச் சுட்டும் தடயம் மூன்றாவது தேவை. அதில் ஒன்று, நாம் பார்த்தும் பொருட்படுத்தாமல் கடந்ததாக இருந்தால் ஆசிரியர் கெட்டிக்காரர். உங்கள் ஊகம் பலித்ததா இல்லையா என்பதை மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். முன்கூட்டியே தெரிந்தும் அலுக்காத நாவல்கள் உண்டு.

மாத நாவல்களில் பக்கம் தீர்ந்துபோகிற அவசரத்தில் கொலையாளியே உட்கார்ந்து ஐந்து பக்கம் ஒப்பிப்பான். அந்த வாக்குமூலத்தைக் கிழித்துப் போட்டால் துப்பறிந்தவர் கையில் என்ன மிச்சம்? ஒன்றும் இல்லையென்றால் அவர் துப்பறியவே இல்லை.

சத்துவாச்சாரி:
அண்ணா, உங்கள் நேரக் கட்டத்துக்குப் பக்கத்தில் மாதத்தையும் எழுதச் சொல்லுங்கள். மே மாதம் நம் ஊரில் 40 டிகிரி தாண்டும். காற்று உடம்பைவிடச் சூடாக இருந்தால் பிணம் எங்கே குளிரும்? "உடல் சில்லிட்டிருந்தது, இறந்து ஆறு மணி நேரம் இருக்கும்" என்று டாக்டர் சொல்கிற வரி குளிர்நாட்டுக் கதையிலிருந்து வந்தது. விறைப்பும் அப்படியே. பொதுவாக 2, 3 மணி நேரத்தில் கண்ணிமை, தாடையில் தெரிய ஆரம்பித்து, 12 மணி நேரம் வாக்கில் உடம்பு முழுக்கப் பரவும். கத்திரியில் சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகிவிடும். பூட்டிய வீட்டில் இரண்டு நாள் கிடந்த உடல் "தூங்குவதுபோல் இருந்தது" என்றால் அந்த அத்தியாயத்தை நம்ப வேண்டாம். அந்நேரத்துக்குத் தெருவே மூக்கைப் பிடித்திருக்கும்.

சட்டத்தில் தேதி பாருங்கள். கொலை நடந்தது 2024 ஜூலை 1க்கு முன்னால் என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 302. அதற்குப் பிறகென்றால் பாரதிய நியாய சன்ஹிதா 103. சந்தேக மரண விசாரணைக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 194. இன்னமும் இன்ஸ்பெக்டர் "முன்னூத்தி ரெண்டுல உள்ள தள்ளிடுவேன்" என்று பேச்சில் மிரட்டலாம், பழக்கம் அது. எஃப்.ஐ.ஆரில் அப்படி வந்தால் பிழை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் சந்தேகமாக இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு. நாவல்கள் அதிகம் மறப்பது இதைத்தான். மறைத்த உண்மை பாதி அங்கேயே வெளிவந்திருக்கும், ஆசிரியருக்கு 100 பக்கம் மிச்சமாகியிருக்கும்!

குடியாத்தம்:
அமானுஷ்யக் காதல் கதையில் பிணத்தைவிட ஆவிக்குத்தான் சட்டம் தேவை. யார் கண்ணுக்குத் தெரியும், தொட முடியுமா, எந்த இடத்தைத் தாண்ட முடியாது, எதற்குக் கட்டுப்படும் என்று முதல் கால்பங்கிலேயே குறித்து வையுங்கள். 40ஆம் பக்கத்தில் கதவைக்கூடத் தள்ள முடியாதவன் 150இல் நாயகியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால், நடுவில் அதற்கு ஏதாவது விலை கொடுத்தானா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. காதல் முற்றிவிட்டது என்பது காரணம் ஆகாது.

அடுத்தது சம்மதம். வசியம், நினைவை அழிப்பது, உடலில் புகுவது எல்லாம் இங்கே சாதாரணம். அவள் "சரி" என்று சொல்லும்போது வசியத்தில் இருக்கிறாளா என்று பாருங்கள். வசியத்தோடு சொன்னதை ஆசிரியர் காதலாகவே கொண்டாடினால் நான் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிடுவேன். முன்ஜென்ம பந்தம் என்ற சாக்குக்கும் இதே கணக்குதான்.

செயலியில் தொடராக வந்து புத்தகமானவற்றில், அத்தியாயக் கடைசி அலறல்களை எண்ணுங்கள். அடுத்த பக்கத்தில் "பூனைதான்" என்று முடிகிற அலறல் பத்தில் இரண்டுக்கு மேல் போனால், நிஜமான பயம் வரும்போது நமக்கு ஒன்றும் ஆகாது.

வேலூர்க் கோட்டையை வைத்து எழுதுபவர்களுக்குத் தனிக் கணக்கு. 1806 ஜூலை 10 சிப்பாய்க் கலகத்தில் செத்தவனின் ஆவி என்றால் உயிரோடு இருந்தபோது அவன் ரயிலைக் கண்டிருக்க மாட்டான். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி ஓடியது 1856இல். தலைப்பாகையை மாற்று, நெற்றிக்குறியை அழி, தாடியை எடு என்று ஆங்கிலேயர் உத்தரவு போட்டதில் மூண்ட கலகம் அது. அந்த ஆவி மழுமழு முகத்தோடு வந்து நின்றால் அவன் ஏன் செத்தான் என்பதையே ஆசிரியர் யோசிக்கவில்லை. இன்னொன்று: கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் லிங்கத்தைத் திரும்ப வைத்தது 1981இல். 1970இல் நாயகி கருவறைமுன் நின்று வேண்டுகிற முன்கதை வந்தால் அங்கே சாமியே இல்லை.

வாலாஜா:
அக்கா, சாமி இல்லாததை ஒரு வரிக் குறையாகச் சொல்லிவிட்டுப் போகலாமே. கதை அந்த வேண்டுதலில் தொங்கினால் மட்டும் பெரிதாகக் கழியுங்கள். இல்லாவிட்டால் எடைபோடுகிறவர் வரலாற்று வாத்தியார் ஆகிவிடுவார்.

சுரங்கத்தை மட்டும் நான் மன்னிப்பதில்லை. கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கம் என்பது ஊர்ப்பேச்சு. துப்பறியும் கதைக்கு 1929இல் பத்து விதி வகுத்த ரொனால்ட் நாக்ஸ், ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்றார். அந்த ஒன்றையும் யாராவது முன்பே வாய்தவறியாவது சொல்லியிருக்க வேண்டும். அதே விதிகள் அமானுஷ்யத்தை அடியோடு விலக்கின. இன்று இரண்டையும் கலக்கிறார்கள், கலக்கட்டும். ஆனால் 'ஆவி சாட்சி சொல்லலாம்' என்பது கொலைக்கு முன்பே வாசகருக்குத் தெரிய வேண்டும்.

ஆலங்காயம்:
அறிவியல் புனைவில் ஒரு பெரிய பொய்யை அனுமதியுங்கள். இரண்டாவது பொய் வந்தால், அது முதலாவதிலிருந்து கிளைத்ததா என்று கேளுங்கள். பாலாற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது என்று கற்பனை செய்தால் மணல் லாரிகள் என்ன ஆயின, ஆற்றுக்குள் வந்துவிட்ட பட்டாவெல்லாம் என்ன ஆயிற்று, ராணிப்பேட்டைக் குரோமியக் கழிவு எந்தப் பக்கம் கரைந்தது என்று அடுக்கடுக்காகப் போக வேண்டும். படகு மட்டும் விட்டால் அது அலங்காரம். 1806 கலகம் ஜெயித்ததாக எழுதும் மாற்று வரலாற்றிலும் அப்படித்தான்: ஆற்காட்டிலிருந்து கலகத்தை அடக்க வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேராமல் தடுத்தது எது என்ற ஒரு கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மீதிக் கட்டடம் நிற்காது.

காவலூர் வானாய்வகத்தில் நடக்கும் கதைகளில் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். 2.3 மீட்டர் தொலைநோக்கியில் விஞ்ஞானி கண்ணை வைத்துப் பார்த்து "ஆ, வேற்றுக்கிரகம்!" என்பார். அங்கே கருவிதான் பதிவு செய்யும், மனிதர் திரையைப் பார்ப்பார். ஐப்பசி இரவில் வானம் துல்லியமாக இருந்தது என்று எழுதியிருந்தாலும் ஒரு கேள்விக்குறி போடுங்கள், காவலூர் இருக்கும் ஜவ்வாது மலையில் அது மழைக்காலம்.

காட்பாடி:
விமர்சனம் எழுதும்போது எவ்வளவு கதை சொல்லலாம் என்று சிலர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். மர்மத்தில் முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தடயத்தில் குறை சொல்ல வேண்டியிருந்தால் பக்க எண்ணை மட்டும் கொடுங்கள். படித்தவர் போய்ப் பார்த்துக்கொள்வார், படிக்காதவருக்கு ஒன்றும் கெடாது.