மறு: ‘மகிழுந்துச் சார்பு’க்கு வேறு சொல் உண்டா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளில் இருபத்தேழு மடல். ஒரு சொல் கேட்டேன், பாதி அகராதி வந்துவிட்டது. எல்லாவற்றையும் அச்செடுத்துப் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். தனித்தனியாகப் பதில் எழுதினால் இழை அறுந்துவிடும், அதனால் ஒரே மடலாக எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக: நகரத் திட்டமிடல் பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கார் இல்லாமல் வேலைக்கோ பள்ளிக்கோ கடைக்கோ போக முடியாதபடி ஒரு நகரம் அமைந்துவிடுவதற்கு ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் ஒரு பெயர் இருக்கிறது: ‘ஆட்டோமொபைல் டிபென்டன்ஸ்’. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய பீட்டர் நியூமனும் ஜெஃப்ரி கென்வொர்த்தியும் 32 நகரங்களை ஒப்பிட்டு 1989-இல் வெளியிட்ட நூல் அந்தப் பெயரைத் துறைக்குள் ஊன்றிவிட்டது. நகரத்தின் அடர்த்தி குறையக் குறைய ஆளுக்குச் செலவாகும் பெட்ரோல் ஏறுகிறது என்று காட்டிய நூல் அது. முதல் வரைவில் நான் ‘மகிழுந்துச் சார்பு’ என்று போட்டேன். வரைவைப் படித்த என் மகள், “யாருப்பா காருக்கு சப்போர்ட் பண்றாங்க?” என்றாள். வினை அங்கே தொடங்கியது.

> சார்பு என்பது கணக்கிலும் பொருளியலிலும் நன்கு வேரூன்றிய சொல். அதை விட்டுவிட்டு வேறு தேடுவது ஏன்?

ஐயா, வேரூன்றியிருப்பதுதான் சிக்கல். கணக்கில் சார்பு என்றால் ஒன்று மாற மற்றொன்றும் மாறுகிற உறவு. நாளிதழில் சார்பு என்றால் பாரபட்சம். ‘சங்கத்தின் சார்பில்’ என்றால் பிரதிநிதித்துவம். ‘மகிழுந்துச் சார்பு நகரம்’ என்று படிப்பவர், காருக்குப் பரிந்து பேசுகிற நகரம் என்றே எடுத்துக்கொள்வார். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை, பல நகராட்சிகள் காருக்குப் பரிந்துதான் பேசி வந்திருக்கின்றன. ஆனால் அது வேறு கருத்து, அதற்கு வேறு சொல் வேண்டும்.

அப்புறம் மகிழுந்து. அந்தச் சொல்மேல் எனக்குப் பகையில்லை. பழைய தலைமுறை காரைப் ‘பிளஷர்’ என்றே சொன்னது நினைவிருக்கும். தனியாக நிற்கும்போது அழகான சொல்தான். ஆனால் ‘மகிழுந்துக் கட்டாயம்’, ‘மகிழுந்து இல்லாதோர் படும் பாடு’ என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் அழுகிறது, நடுவில் ஒரு சொல் மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கிறது.

> ‘காரடிமை’ என்று ஓங்கி அடித்துச் சொல்வோமே. ‘கார் மோகம்’ என்றாலும் சரி.

இந்த இரண்டுக்கும்தான் ஆதரவு அதிகம். காதுக்கு நன்றாகவும் இருக்கின்றன. ஆனாலும் இவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். எந்த ஊர் என்பது முக்கியமில்லை, அந்த வகைப் புறநகர்கள் எங்கேயும் ஒரே அச்சுதான். சன்னலைத் திறந்தால் சாலைக்கு அப்பால் மருந்துக்கடையின் பெயர்ப்பலகை தெரியும். பார்வைக்கு இருநூறு மீட்டர் இருக்கும். நடுவில் ஆறு தடச் சாலை, அதன் நடுவே தடுப்பு. கடக்க வேண்டுமென்றால் சிக்னல் வரை அரை கிலோமீட்டருக்கு மேல் நடந்து, எதிர்ப்பக்கம் போய், அதே தொலைவு திரும்பி வர வேண்டும். நடைபாதை நாலைந்து வீட்டோடு நின்றுவிடும், அதற்கு மேல் புல். அந்தப் புல்லில் ஒரு சாண் அகலத்துக்கு மண் தெரிகிற கோடு ஒன்று வளைந்து போனது. யார் யாரோ நடந்து நடந்து விழுந்த தடம். (இதற்கும் துறையில் ஒரு கலைச்சொல் உண்டு, தமிழில் என்ன சொல்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒற்றையடிப் பாதை கைவசம் இருக்கும்போது நாம் எதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்?)

பக்கத்து வீட்டில் எண்பதை நெருங்கிய பெரியவர் ஒருவர். பார்வை மங்கியதால் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை, காரையும் விற்றுவிட்டார். மருத்துவர், முடிவெட்டு, தபால் நிலையம் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருப்பார். சனிக்கிழமை மகள் காரோடு வருவாள், அன்றைக்கு ஒரே மூச்சில் அத்தனையும் நடக்கும். ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. தாள் அப்படியே இருந்தது, கீழே இரண்டு வரி கூடியிருந்தது.

இவரைக் காரடிமை என்று சொல்வோமா? இவரிடம் கார் கிடையாது, கார்மேல் மோகமும் கிடையாது. ஆனால் அந்தத் தெருவிலேயே காரை மிக அதிகமாக நம்பியிருந்தவர் இவர்தான். எதிர்வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பையனும் அப்படித்தான், நண்பன் வீட்டுக்குப் போக அம்மாவுக்கு என்றைக்கு ஒழியும் என்று கேட்டு நிற்பான். அடிமை, மோகம், பித்து எல்லாம் ஆளைப் பற்றிய சொற்கள். நமக்கு வேண்டியது இடத்தைப் பற்றிய சொல்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்தத் துறையிலேயே ஒரு கதை இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘ஜே’ என்றால் பட்டிக்காட்டான் என்று ஏளனம். தெருவில் இஷ்டத்துக்கு நடப்பவரை ‘ஜேவாக்கர்’ என்று கேலி செய்தார்கள். அதுவரை தெருவில் நடப்பதும் நிற்பதும் குழந்தைகள் விளையாடுவதும் இயல்பு, ஆளை இடித்தால் ஓட்டி வந்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். கார்கள் பெருகி, இடிபட்டுச் செத்தவர்களும் பெருகிய 1920-களில், கார் உரிமையாளர் சங்கங்களும் கார்த் தொழிலைச் சேர்ந்தவர்களும் இந்தச் சொல்லை முனைந்து பரப்பினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் 1925-இல் நடப்பவர்களைக் கட்டுப்படுத்த விதியே கொண்டுவந்தது. ஒரு வசைச்சொல் போதும், பழி ஓட்டுபவரிடமிருந்து நடப்பவருக்கு மாறிவிட்டது. 2023 முதல்தான் கலிஃபோர்னியாவில், உடனடி ஆபத்து இல்லாதபோது சாலையைக் குறுக்கே கடந்தால் அபராதம் இல்லை என்று ஆகியிருக்கிறது. விதி தளர்ந்தும் சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே பழியை யார் தலையில் வைக்கிறோம் என்று பார்த்துத்தான் சொல் பொறுக்க வேண்டும் என்பது என் கட்சி.

> காரின்றியமையாமை. ‘நீரின்றி அமையாது’ போல.

இலக்கணம் சுத்தம், பொருளும் சரி. ஆனால் ‘காரின்றியமையாமைக் குறியீட்டெண்’ என்று ஓர் அட்டவணைத் தலைப்பு போட்டால் பக்கம் கிழிந்துவிடும். இன்னொன்று: கார் என்றால் முகில். காரின்றி உலகம் அமையாதுதான், யார் மறுத்தார்கள்? மழை வேண்டிப் பாடியதாகிவிடும்.

இப்போது செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு வந்த இரண்டு வரி மடலுக்கு வருகிறேன். அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

> ‘கட்டு’ என்று முடித்தால் என்ன? கார்க்கட்டு. கட்டியதும் கட்டுண்டதும் ஒன்றில் அடங்கும்.

அம்மா, நீங்கள் விளையாட்டாக எழுதினீர்களோ என்னவோ, எனக்குத் தூக்கம் போயிற்று. நகரம் என்பது கட்டுவது. காரை மனதில் வைத்துக் கட்டினால் அங்கே வாழ்பவர் காரோடு கட்டுண்டு போகிறார். இரண்டுக்கும் தமிழில் ஒரே வினை. ஆங்கிலச் சொல்லில்கூட இந்த வசதி இல்லை.

கட்டுவது எப்படிக் கட்டுப்போடுவதாகிறது என்பதற்கு நூலில் ஒரு கணக்கு வருகிறது. அமெரிக்க நகராட்சிகள் பலவற்றில் அலுவலகக் கட்டடத்துக்கு 1,000 சதுர அடிக்கு 4 தரிப்பிடம் (கார் நிறுத்தும் இடம்) என்கிற மாதிரி விதி சாதாரணம். கார் உள்ளே வர, திரும்ப, வெளியே போக வழியெல்லாம் சேர்த்தால் ஒரு காருக்கு 300 சதுர அடிக்கு மேல் ஆகிறது. நாலு முந்நூறு ஆயிரத்து இருநூறு. ஆக, ஆட்கள் உட்காரும் இடத்தைவிடக் கார்கள் உட்காரும் இடம் பெரிது. இப்படி ஒவ்வொரு கட்டடமும் தன்னைச் சுற்றி ஒரு மைதானத்தை விரித்துக்கொண்டால், கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே தூரம் கூடுகிறது. தூரம் கூடினால் நடக்க முடியாது, பேருந்துக்கும் போதிய ஆள் சேராது. பிறகு எல்லோரும் காரில்தான் வருவார்கள், அதைக் கணக்கெடுத்து ‘பார்த்தீர்களா, தரிப்பிடம் போதவில்லை’ என்று அடுத்த விதி வரும். டொனால்ட் ஷூப் என்ற பொருளியலாளர் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த ஒரு விதியோடு மல்லுக்கட்டியே கழித்தார்.

இனி, சொல் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பெயராக மட்டும் நின்றால் போதாது, வினை ஏற்க வேண்டும், அளவு ஏற்க வேண்டும், எதிர்ச்சொல் தர வேண்டும். ‘சார்பு’ இங்கே நொண்டுகிறது. சார்பு அதிகரிக்கும், குறையும், அவ்வளவுதான். கட்டு இறுகும், தளரும், அவிழும், அறும். மொழிபெயர்ப்பில் சில இடங்களில் போட்டுப் பார்த்தேன்.

ஹூஸ்டனில் கேட்டி விரைவுச்சாலை விரிவாக்கம் 2008-இல் முடிந்தது. பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 தடம். ஆனாலும் 2011-க்கும் 2014-க்கும் இடையில் உச்ச நேரப் பயணம் மறுபடி நீண்டது. சாலை அகன்றது, கட்டு இறுகியது. சியோலில் சோங்கேச்சோன் ஓடையை மூடியிருந்த உயர்த்திய சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அங்கே கட்டு தளர்ந்தது. 2017-இல் அமெரிக்காவின் பஃபலோவும் மெக்சிகோ நகரமும் குறைந்தபட்சத் தரிப்பிட விதியை நீக்கியதை ‘முடிச்சு அவிழ்ந்தது’ என்று எழுதினேன், உறுத்தவில்லை. ஜப்பானுக்கு வேறு தொடர் வேண்டும். கார் வைத்திருக்க இடம் இருப்பதைக் காட்டினால்தான் பதிவு என்று 1962-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இடம் தேடும் பொறுப்பு தெருவுக்கு இல்லை, வாங்குபவருக்கு. அது கட்டு விழாமல் காத்த கதை.

தெருவாசிகளுக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பு ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துப் பார்த்தார். நாளுக்கு 2,000 வண்டி போன தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள். 16,000 வண்டி போன தெருவில் 0.9, முழுதாக ஒருவர்கூட இல்லை. இவர்கள் காரோட்டாமலே காரால் கட்டுண்டவர்கள். இந்தப் பத்தியில் ‘சார்பு’ என்று எழுதினால் கேலிக்கூத்து.

> பல நகரங்களில் மக்கள் நம்பியிருப்பது இருசக்கர வண்டியை. ‘ஊர்திக்கட்டு’ என்று பொதுவாக வைக்கலாமே?

நியாயமான கேள்வி. ஊர்திக்குள் ஊர் ஒளிந்திருக்கிறது என்பதால் ஒரு மணி நேரம் எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் பேருந்தும் ஊர்திதான், அதைத்தான் நாம் மாற்றாகச் சொல்லப்போகிறோம். தவிர, நூலின் வாதம் இடத்தைப் பற்றியது. ஒரு கார் நிற்கும் இடத்தில் இருசக்கர வண்டிகள் பல நிற்கும், நகரத்தை இழுத்துப் பரப்பும் வலு காருக்குத்தான் அதிகம். இருசக்கர வண்டி பேசப்படும் இடத்தில் ‘தனிவண்டிக்கட்டு’ என்று விரித்துக்கொள்ளலாம்.

‘கார்’ தமிழா என்று கட்டாயம் யாராவது கேட்பீர்கள். சீருந்துக்கட்டு என்று போட எனக்குத் தடையில்லை, ஆனால் பெரியவரின் குளிர்பெட்டித் தாளில் ‘சீருந்து’ என்று இருக்காது. முகில் குழப்பத்துக்கும் நான் பயப்படவில்லை. முகிலும் கட்டும்தான், ஆனால் அடுத்த வாக்கியத்தில் தரிப்பிடம் வந்துவிடும்.

தரிப்பிடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதை இலங்கை நண்பர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ‘வண்டி நிறுத்தம்’ என்றால் பேருந்து நிறுத்தத்தோடு முட்டிக்கொள்கிறது, ‘நிறுத்துமிடம்’ நீளம். சாலையை அகலப்படுத்தினால் புதிதாகக் கிளம்பி வரும் போக்குவரத்துக்குத் ‘தூண்டுதேவை’ என்று வைத்திருக்கிறேன், வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். நடக்க ஏற்ற தன்மைக்கு வந்த ‘நடைமை’ எனக்குப் பிடிபடவில்லை, ‘நடைமுறை’ என்று படித்துவிடுகிறார்கள். அதை இன்னொரு இழையில் பேசுவோம்.

முதல் மூன்று இயலிலும் ‘மகிழுந்துச் சார்பு’ வந்த 64 இடத்தையும் கார்க்கட்டு என்று மாற்றிவிட்டேன். ஐந்து இடத்தில் வாக்கியத்தையே திருப்பி எழுத வேண்டி வந்தது. ஓரிடம் மட்டும் இன்னும் மசியவில்லை: ‘கார்க்கட்டு இல்லாத நகரம்’ என்று எழுதினால், கார் இல்லாத நகரம் என்றே படிக்கிறார்கள். நூல் சொல்வது கார் ஓடும், ஆனால் கார் இல்லாதவரும் தடையின்றி வாழும் நகரம். ‘கட்டவிழ் நகர்’ என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். என் மகளுக்கு அது சட்டம் ஒழுங்கு கெட்ட ஊர் மாதிரி கேட்கிறதாம். வியாழக்கிழமைக்குள் யாராவது வேறு ஒன்று சொல்லுங்கள்.