மாணவர் மின்தொகுப்பு: எழுதக் கற்பிக்கிறதா, அடுக்கி வைக்கக் கற்பிக்கிறதா?

சுண்ணக்கட்டி:
அடுத்த ஆண்டிலிருந்து எங்கள் பள்ளியில் எல்லா மாணவருக்கும் மின்தொகுப்பு, அதாவது எலக்ட்ரானிக் போர்ட்ஃபோலியோ, கட்டாயம். கட்டுரை, படம், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் இணையத்தில் ஒரே இடத்தில் சேர்த்து, ஒவ்வொன்றின் கீழும் ‘இதில் என்ன கற்றேன்’ என்று எழுத வேண்டும். இதற்கு நவீன எழுத்தறிவு என்று பெயர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு பத்தியைப் பிழையின்றி எழுதத் திணறும் பிள்ளை, பின்னணி நிறம் தேடியே ஒரு பாடவேளையைக் கழித்ததை வெள்ளோட்ட வகுப்பில் நேரில் பார்த்தேன். எழுதப் பழக்குவதற்கே நேரம் போதவில்லை.

மூன்றாம் வரைவு:
எங்கள் வகுப்பில் முதல் பருவம் முழுவதும் வெள்ளைப் பக்கம்தான். நிறத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு மாணவியின் பக்கத்தைச் சொல்கிறேன். பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்பது தலைப்பு. ‘லேசாக இருப்பதால் மிதக்கிறது’ என்பது முதல் வரைவு. அதை வாசித்துப் பதிவு செய்து ஏற்றினாள். ‘பெரிய பனிப்பாறை லேசா? அதுவும் மிதக்கிறதே’ என்று தோழி கீழே கேட்டிருந்தாள். இரண்டாம் வரைவில் எடை போய் அடர்த்தி வந்தது. மூன்றாவதில், நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைகிறது என்ற தகவலும், அதை எடுத்த இடத்தின் இணைப்பும், அவளே வரைந்த படமும் இருந்தன. அடியில் எழுதியிருந்தாள்: ‘லேசு என்ற சொல்லை நான் இரண்டு பொருளில் பயன்படுத்தியிருக்கிறேன். கேட்கும்வரை தெரியவில்லை.’

நோட்டுப் புத்தகமாக இருந்தால் முதல் வரைவைக் கிழித்துப் போட்டிருப்பாள். எழுத்து, குரல், படம் எல்லாம் சேர்ந்ததே எழுத்தறிவு என்று நியூ லண்டன் குழு என்ற பெயரில் கல்வி, மொழி அறிஞர்கள் பத்துப் பேர் 1996இலேயே எழுதிவிட்டார்கள். புதுமோகம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

சுண்ணக்கட்டி:
அந்தப் பெண் எழுதிய கடைசி வரி அருமை, மறுக்கவில்லை. ஆனால் அதை எழுத வைத்தது தோழியின் கேள்வி. அதைப் பக்கத்து இருக்கையிலிருந்தும் கேட்டிருக்கலாம். வரைவுகளைத் தாள்கோப்பில் பத்திரப்படுத்தலாம். என் வெள்ளோட்ட வகுப்பில் கற்றல் குறிப்புக்கு 10 மதிப்பெண். விளைவு, பாதிப் பிள்ளைகள் ‘குழுவாகச் செயல்படக் கற்றேன்’ என்றே எழுதினார்கள். தனியாகச் செய்த வேலைக்கும் அதே வரி! உண்மையைச் சொல்லத் தயங்கும் எழுத்தைப் பழக்குகிறோம் என்பதுதான் என் வேதனை.

இரு பிள்ளைகளின் தாய்:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். ஒன்பது வயது மகனின் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திறக்கும்படி வைத்திருந்தார்கள். முகம், பெயர், வகுப்பு எல்லாம் தெரிந்தது. நான் கேட்ட பிறகுதான் மூடினார்கள். மகளுக்கு வேறு கதை. பள்ளி மென்பொருளை மாற்றியதும் இரண்டு வருட வேலை காணாமல் போனது. யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் இருக்கும், வெளியே எடுக்க முடியுமா என்று தொடங்கும் முன்பே கேட்க வேண்டாமா?

மூன்றாம் வரைவு:
கட்டாயம் கேட்க வேண்டும், அம்மா. அசைபடங்களும் விளையாட்டுகளும் செய்யப் பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 முடிவில் நின்றதும், அதில் செய்த எத்தனையோ வேலைகள் பிரவுசரில் திறக்காமல் போயின. அதனால் எல்லாவற்றையும் சாதாரணக் கோப்புகளாகவும் எடுத்து வைக்கச் சொல்கிறேன். நியூசிலாந்தில் 2006இல் தொடங்கிய மஹாரா போன்ற திறமூல (மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்) மின்தொகுப்பு மென்பொருளில், தன் பக்கத்தை யாருக்குக் காட்டுவது என்பதை மாணவரே முடிவு செய்யலாம். அந்த முடிவை எடுக்கப் பழகுவதையும் நான் எழுத்தறிவில் சேர்ப்பேன். பிறர் எடுத்த படத்தை அனுமதி பார்க்காமல் ஒட்டக்கூடாது என்பதையும் அங்கேதான் கற்கிறார்கள்.

சுண்ணக்கட்டி ஐயா, கற்றல் குறிப்புக்கு மதிப்பெண் போடுவது தவறு என்பதில் உங்கள் பக்கம்தான் நான்.

சுண்ணக்கட்டி:
நேரத்துக்கு என்ன வழி? என் வகுப்பில் நாற்பது பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கு 400 நிமிடம் ஆகிறது.

மூன்றாம் வரைவு:
எல்லாவற்றையும் நான் படிப்பதில்லை. பருவத்துக்கு ஒரே ஒரு வேலை, அதையும் மாணவரே தேர்ந்தெடுக்கிறார். ‘ஏன் இதைக் கொடுத்தாய்’ என்று மட்டும் கேட்கிறேன். பேச்சு அங்கிருந்து தொடங்கிவிடுகிறது.

சுண்ணக்கட்டி:
பருவத்துக்கு ஒன்று, மதிப்பெண் இல்லை, பக்கம் பூட்டியே இருக்கும். இந்த மூன்றையும் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுக்கிறேன். மதிப்பெண்ணை எடுக்கச் சம்மதிக்காவிட்டால் என் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கும்.