புதிய திரையை இணைத்த பின் ஒலிபெருக்கியில் சத்தம் வரவில்லை

கேள்வி:
வணக்கம். விண்டோஸ் 11 இயங்கும் மேசைக் கணினியில் எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் புதிய திரையை இணைத்ததிலிருந்து, பச்சைத் துளையில் செருகியுள்ள ஒலிபெருக்கியில் சத்தமே வரவில்லை. பாடலை ஓடவிட்டால் ஒலியளவுப் பட்டை அசைகிறது. ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவ வேண்டுமா?

மறுமொழி:
டிரைவரைத் தொட வேண்டாம். எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு ஒலியையும் கடத்துவதால், கணினி புதிய திரையையே ஒலி வெளியேறும் கருவியாகத் தேர்ந்துகொண்டிருக்கக்கூடும். திரைக்குள் ஒலிபெருக்கி இல்லையென்றால் எதுவும் கேட்காது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதனுள் சவுண்ட் என்று சென்று, அவுட்புட் பகுதியில் உங்கள் ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஒலி வந்துவிட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு: ப்ளூடூத் ஹெட்செட்டில் அழைப்பு தொடங்கியதும், ஓடிக்கொண்டிருக்கும் பாடல் தொலைபேசியில் கேட்பதுபோல மங்கிவிடுகிறது.

மறுமொழி:
அது பழுதன்று. வழக்கமான ப்ளூடூத்தில் மைக் இயங்கத் தொடங்கியதும் இணைப்பு இருவழி உரையாடலுக்கான முறைக்கு மாறுகிறது. அம்முறையில் ஸ்டீரியோ போய்விடுவதோடு, ஒலியின் மாதிரி வீதமும் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பது) பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸாகக் குறைகிறது. வெப்கேமராவின் மைக்கையோ தனி மைக்கையோ, சவுண்ட் பக்கத்தின் இன்புட் பகுதியிலும் அழைப்புச் செயலியின் அமைப்பிலும் தேர்ந்தெடுத்தால், ஹெட்செட் பாடலை முழுத் தரத்திலேயே ஒலிக்கும்.