மங்கோலியத் தலைநகர் உலான்பாதருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வீட்டிலேயே ஹூஷூர் செய்யப் பழகுங்கள்

செப்டம்பர், அக்டோபரில் இங்கே வந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். கொண்டுவந்த சாம்பார்ப் பொடியும் அப்பளமும் தீரும் வரை கவலை தெரியாது. அப்புறம் குளிர் இறங்கிவிடும். ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 டிகிரி சாதாரணம், கடைக்குப் போகவே மனசு வராது. அதனால் முதல் மாதத்திலேயே இந்த ஊர்ச் சாப்பாட்டில் ஒன்றையாவது உங்கள் கையால் செய்யப் பழகிவிடுங்கள். என்னைக் கேட்டால், மாவுக்குள் கறி வைத்து எண்ணெயில் பொரிக்கிற ஹூஷூரில்தான் தொடங்கச் சொல்வேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஊர் 1,350 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பது பெரும்பாடு. எண்ணெயில் பொரிப்பதற்கு அந்தத் தொல்லை கிடையாது.

ஹூஷூர் பார்க்க நம்ம சோமாசி மாதிரிதான். ஆனால் தட்டையாக, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக, உள்ளே கறி வைத்து இருக்கும். இதே கறியை மாவில் பொதிந்து ஆவியில் வேகவைத்தால் போஸ், அது சகான் சார் என்கிற புத்தாண்டுக்கு. ஜூலை 11 முதல் 13 வரை நடக்கும் நாதாம் திருவிழாவுக்கு ஹூஷூர். மற்ற நாட்களில் 'குவான்ஸ்' எனப்படும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் கிடைக்கும்.

கறி வாங்கும்போது பெயர் தெரிந்திருக்க வேண்டும். 'ஹோனினி மஹ்' என்றால் செம்மறி, 'யமானி மஹ்' வெள்ளாடு, 'உஹ்ரீன் மஹ்' மாடு, 'அதூனி மஹ்' குதிரை. ஹூஷூருக்குச் செம்மறியும் போடுவார்கள், மாடும் போடுவார்கள். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் கடைக்காரரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அரைத்து வைத்த கறி வேண்டாம், எந்தக் கறியை அரைத்தார்கள் என்று தெரியாது. கொழுப்போடு துண்டாக வாங்கி வீட்டில் கத்தியால் பொடியாகக் கொத்துங்கள். அரை கிலோ கறியில் 100 கிராமாவது கொழுப்பு இருக்கட்டும். கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டுச் செய்தால் உள்ளே வறண்டுபோய் நார் நாராக நிற்கும்.

கொத்திய கறியோடு ஒரு பெரிய வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள். கடைசியில் அரை டம்ளருக்கும் குறைவாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். இந்தத் தண்ணீரும் கொழுப்பும்தான் பொரியும்போது உள்ளே சாறாக மாறும். இஞ்சி, கரம் மசாலா, பச்சை மிளகாய் எதுவும் முதல் தடவை போடாதீர்கள். புல்வெளியில் மேய்ந்த ஆட்டின் கறிக்கு ஒரு மணம் உண்டு. நாலு தடவை சாப்பிட்ட பிறகுதான் அது பிடிபடும். மசாலா போட்டு மூடிவிட்டால் கடைசி வரை தெரியாமலே போய்விடும்.

அரை கிலோ மைதாவுக்கு ('குரில்' என்று கேளுங்கள்) கால் லிட்டர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு. எண்ணெய், சோடா எதுவும் வேண்டாம். பூரி மாவைப்போலக் கெட்டியாகப் பிசைந்து, மூடி, அரை மணி நேரம் விடுங்கள். இங்கே குளிர்காலத்தில் காற்று ரொம்பவே வறட்சி. மூடாமல் விட்டால் ஐந்து நிமிடத்தில் மேலே பொருக்குத் தட்டி, மடிக்கும்போது வெடிக்கும்.

பூரியைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தேய்த்து, பாதி வட்டத்தில் கறியை மெல்லியதாகப் பரப்பி, ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டு மடியுங்கள். ஓரத்தை ஒட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையால் மெதுவாக அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட வேண்டும். மற்றதில் தவறினாலும் பரவாயில்லை, இதில் தவறக்கூடாது. நான் முதல் தடவை செய்தபோது காற்றோடு மூடிவிட்டேன். ஒன்று எண்ணெயில் உப்பி வாய் பிளந்து, சாறு கொட்டி, தெறித்த எண்ணெய் மணிக்கட்டில் பட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாதான் அடுத்த வாரம் வந்து, என் கையைப் பிடித்து அழுத்திக் காட்டினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு அப்போது மங்கோலியம் தெரியாது. ஒருவர் தேய்க்க, ஒருவர் மடிக்க, ஒருவர் பொரிக்க என்று கூடிச் செய்கிற வேலை இது. தனியாக உட்கார்ந்து செய்யாமல் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தீ மிதமாக இருக்கட்டும். உள்ளே பச்சைக் கறி என்பதால் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் தேவை. மடித்ததை உடனே பொரித்துவிடுங்கள், தட்டில் அடுக்கி வைத்தால் அடிப்பக்கம் நனைந்து ஒட்டிக்கொள்ளும்.

சூட்டோடு கையில் எடுத்து, ஓரத்தில் சின்னதாகக் கடித்து, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும். கூடவே உப்புப் போட்ட பால் தேநீர், 'சூதே சாய்'. பச்சைத் தண்ணீர் குடித்தால் ஆட்டுக்கொழுப்பு மேலண்ணத்தில் உறைந்து ஒட்டும். யாராவது நீட்டினால் வலது கையால் வாங்குங்கள், இடது கை வலது முழங்கையைத் தாங்கியபடி இருந்தால் மரியாதை.

கேள்வி: அண்ணா, நான் சைவம். எனக்கு வழி உண்டா?

உண்டு தம்பி. உருளைக்கிழங்கு வைத்ததும், முட்டைக்கோஸும் கேரட்டும் வைத்ததும் இங்கேயே செய்கிறார்கள். கடையில் 'மஹ்குய்', அதாவது கறி இல்லாமல் என்று சொல்லிக் கேளுங்கள். ஆனால் அதே எண்ணெயில்தான் கறி ஹூஷூரும் பொரிப்பார்கள். அது ஒத்துவராது என்றால் வீட்டில் செய்வதே நல்லது. கோஸை உப்புப் போட்டுப் பிழிந்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் விட்டு மாவு கிழியும்.

கேள்வி: மீந்தால் எடுத்து வைக்கலாமா?

பொரித்ததை மறுநாள் எண்ணெய் விடாத சட்டியில் சூடாக்கலாம், அவ்வளவுதான். நிறையச் செய்வதாக இருந்தால் பொரிக்காமல், மாவு தூவிய தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி உறைய வையுங்கள். டிசம்பரில் மூடிய பால்கனியே போதும், போஸை அப்படித்தான் இங்கே பல வீடுகளில் உறைய வைக்கிறார்கள். பொரிக்கும்போது உருகவிடாமல், மேலே படிந்த பனித்துகளைத் தட்டிவிட்டு, குறைந்த தீயில் நேராகப் போடுங்கள்.